வாழ்க்கைமுறை நோய்: யாருடைய வாழ்க்கை, யாருடைய முறை?

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகம் கெட்டுப்போவது ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தமிழில் இன்று ஒரு பெயர் புழங்குகிறது: 'வாழ்க்கைமுறை நோய்கள்'. மருத்துவத் துறைக்காரர்கள் 'தொற்றா நோய்கள்' என்ற சொல்லையும் வைத்திருக்கிறார்கள். அது ஆரம்ப சுகாதார நிலையத்துப் பலகையோடு நின்றுவிட்டது. வார இதழின் மருத்துவப் பக்கம், தொலைக்காட்சி டாக்டர், மருந்துக் கம்பெனி அடித்துத் தருகிற வழவழப்புக் கையேடு, முகாமில் நம்ம கையில் திணிக்கிற துண்டுப் பிரசுரம் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்திருப்பது முதல் சொல்தான். இந்தச் சொல்லைப் பற்றியும், இதைச் சுற்றி வளர்ந்திருக்கிற எழுத்தைப் பற்றியும், இதற்கு எதிரே நம் எழுத்து சாதித்துவருகிற மௌனத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. நான் டாக்டர் இல்லை. தமிழ் எம்.ஏ. படித்தவள். ஒரு பிரதியைக் கையில் கொடுத்தால் இது யாரைப் பார்த்துப் பேசுகிறது, யாரை விட்டுவிட்டுப் பேசுகிறது என்று கேட்கத் தெரியும். சுகாதார விழிப்புணர்வு எழுத்தும் ஒரு பிரதிதானே.

'வாழ்க்கைமுறை' என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்துகொண்டிருக்கிறது. முறை என்பது நாமே அமைத்துக்கொள்வது, வேண்டாமென்றால் மாற்றிக்கொள்வது. அப்படியானால் நோய் வந்தவன் தன் முறையை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவன். குற்றமும் அவன் மேல், தண்டனையும் அவனுக்கு. கிராமத்தில் முறை என்ற சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்று இதைச் செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். சாவுக்கு மேளம் அடிக்க இந்த வருசம் எந்தக் குடும்பத்து முறை, செத்த மாட்டைத் தூக்க யார் முறை என்று ஊர் தீர்மானித்து வைத்திருந்ததே, அதுவும் முறைதான். நம்ம சனங்களுடைய வாழ்க்கையின் முறையை நம்ம சனங்கள் எந்தக் காலத்தில் தீர்மானித்தார்கள்?

ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துக்கொள்வோம். எதுவாக இருந்தாலும் ஒரே வார்ப்புத்தான். தினமும் முப்பது நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். நெய், எண்ணெய், இனிப்பைக் குறைக்க வேண்டும். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இடையில் சுண்டல், மோர், ஒரு பழம். மாட்டுக்கறி, ஆட்டுக்கறி கூடாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். பக்கத்தில் படம்: பூங்காவில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சிரிக்கிற ஒரு தம்பதி. மருத்துவப்படி இதில் பெரிதாகத் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாட்டுக்கு ஒரு பாட்டுடைத் தலைவன் இருப்பதுபோல இந்தப் பிரசுரத்துக்கும் ஒரு தலைவன் இருக்கிறான். அவனுக்கு நாற்காலி வேலை. மாதச் சம்பளம், மருத்துவ விடுப்பு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, குளிர்ப்பெட்டி நிறையக் காய்கறி. அவன் கெட்டுப்போவது அதிகமாகத் தின்பதாலும் குறைவாக அசைவதாலும். அந்தத் தலைவனுக்கு எழுதிய பாட்டை அப்படியே கரும்பு வெட்டிவிட்டு வருகிறவன் கையில் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? நடை அவன் கேட்காமலே கிடைக்கிறது. நெய் அவன் வீட்டில் கிடையாது. ஆனாலும் அவனுக்குச் சக்கரை இருக்கிறது.

இந்தத் தலைவனுக்கு எதிர்முனையில் நம்ம ஆட்கள் ஒரு தலைவனை வைத்திருக்கிறோம். 'ஒழைக்கிற ஒடம்புக்குச் சக்கர வராது', 'அது பணக்கார வியாதி' என்று எத்தனை மேடையில் கேட்டாயிற்று. நம் கவிதைகளில் தலித் உடல் என்றாலே கறுத்து, திரண்டு, வெயிலில் பளபளக்கிற உடல்தான். அது ஏன் அப்படி வந்தது என்பது விளங்கிக்கொள்ளக் கூடியதே. தீட்டுப்பட்ட உடல் என்று சொன்னவன் முகத்துக்கு நேரே, இது அழகான உடல், உங்களுக்கெல்லாம் சோறு போடுகிற உடல் என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு அது தேவைப்பட்ட அரசியல். ஆனால் அந்தக் கவிதைக்குள் வீங்கின பாதமும் மங்கின கண்ணும் வெட்டி எடுத்த கட்டைவிரலும் நுழைய வழியில்லை.

பணக்கார வியாதி என்பது பொய்யாகி வெகுநாளாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநிற்க நடந்த தேசிய சர்க்கரைநோய் ஆய்வின் முடிவுகள் 2023இல் வந்தபோது, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை, 31 கோடியே 50 லட்சம் பேருக்கு ரத்தக்கொதிப்பு என்று கணக்குச் சொன்னார்கள். பத்திரிகைகள் எல்லாம் இந்தத் தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டன. அதே ஆய்வின் முந்தைய கட்டமாக 2017இல் வந்த முடிவில் இருந்த ஒரு விஷயத்துக்கு அந்தக் கொட்டை எழுத்து கிடைக்கவில்லை. பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில், தமிழ்நாடு உட்பட, வசதியுள்ளவர்களைவிட வசதியில்லாதவர்களிடம்தான் சர்க்கரை அதிகம் என்று அது சொன்னது. வசதியுள்ளவர்கள் கையேட்டைப் படித்துப் பூங்காவுக்குப் போய்விட்டார்கள். நோய் தெருமாறி நம்ம பக்கம் வந்துவிட்டது.

இதைவிட முக்கியமான ஒன்று நம்ம பக்கத்திலேயே, வேலூரில் நடந்திருக்கிறது. ஒல்லியாக, எலும்பும் தோலுமாக இருக்கிறவர்களுக்கும் சர்க்கரை வரும், அது மற்றவர்களுக்கு வருகிற சர்க்கரை மாதிரி நடந்துகொள்ளாது என்பதை 1955இலேயே ஜமைக்காவில் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஊட்டக்குறைவால் வரும் சர்க்கரை என்று உலக சுகாதார நிறுவனம் 1985இல் அதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது. போதிய ஆதாரமில்லை என்று 1999இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அப்புறம் அது யாருடைய கணக்கிலும் இல்லாத நோய். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் நியூயார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நோயாளிகளின் உடம்பில் இன்சுலின் சுரப்பே அடிப்படையில் குறைந்திருக்கிறது, குண்டான உடம்பில் நடப்பது இங்கே நடக்கவில்லை என்று காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை 'ஐந்தாம் வகைச் சர்க்கரை' என்று ஏற்றுக்கொண்டது. உலகம் முழுக்க இரண்டு, இரண்டரைக் கோடிப் பேருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இருபத்தாறு வருடம் ஒரு நோய் பட்டியலில் இல்லாமலே இருந்திருக்கிறது. பட்டியலில் இல்லை என்றால் மருத்துவப் பாடத்தில் இல்லை, மாத்திரைச் சீட்டில் இல்லை. எலும்பும் தோலுமாக வந்து நின்றவனிடம் 'சோத்தைக் குறை' என்றுதானே சொல்லி அனுப்பியிருப்பார்கள்? இந்த வகைக்காரர்களுக்குக் கொடுக்கிற இன்சுலின் அளவு கூடிப்போய், வயிற்றில் சோறும் இல்லாமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். அதிகமாகத் தின்றவனுக்கு எழுதிய வைத்தியம் தின்ன இல்லாதவனைக் கொல்லக்கூடும். இதற்கு 'வாழ்க்கைமுறை நோய்' என்ற பெயரைப் பொருத்திப் பாருங்கள். பட்டினி எந்தச் சாதியின் வாழ்க்கைமுறை?

பட்டினி தின்ற தலைமுறையோடு முடிந்தும் விடுவதில்லை. புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 1993 தொடங்கிச் சுற்றுக் கிராமங்களில் கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். எடை குறைந்து, சதை வற்றிப் பிறக்கிற நம்ம குழந்தைகளின் உடம்பில் கொழுப்பு மட்டும் விகிதத்துக்கு மேல் சேர்ந்திருக்கிறது, பின்னால் சர்க்கரை வருவதற்கு அங்கேயே அடி போட்டாகிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. நிறைமாத வயிற்றோடு நடவுக்கு இறங்கிய பாட்டி குடித்த நீராகாரம் பேரனின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தெரிகிறது. முன்வினைப் பயன் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இது நல்ல பதில். வினை செய்தது யார், பயனை அனுபவிப்பது யார்?

கால் விஷயம் ஒன்று இருக்கிறது. சர்க்கரை வந்தவர்களுக்குப் பாதத்தில் மரமரப்பு வந்து உணர்ச்சி போய்விடும், முள் குத்தினாலும் தெரியாது, சின்னப் புண் அழுகி விரலை, பாதத்தை, சில சமயம் முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டிவரும். அதனால் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்பது எல்லாப் பிரசுரத்திலும் இருக்கிறது. நல்ல அறிவுரை. ஆனால் செருப்பு என்பது தமிழ்நாட்டில் வெறும் காலணியாக இருந்ததில்லை. ஊர்த்தெருவுக்குள் நுழைகிறபோது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன அப்பன்களின் பிள்ளைகள் நாம். செருப்பு போட்டதற்காக அடிபட்டவர்களின் கதை நம் இதழ்களில் எத்தனை வந்திருக்கிறது! அதை ஒரு அவமானமாக, ஒரு உரிமை மறுப்பாக எழுதினோம். சரியாகத்தான் எழுதினோம். அது ஒரு கால் புண்ணாகவும் இருந்தது என்பது அந்தப் பதிவுகளில் இல்லை. இன்றைக்குத் தெருவில் செருப்பு போடலாம் என்றே வைத்துக்கொள்வோம். நடவில்? களை பறிக்கும்போது? சேற்றில் எந்தச் செருப்பு நிற்கும்? சேற்றுப்புண் நம்ம பெண்களின் காலில் வருசா வருசம் வருவது. உணர்ச்சி உள்ள காலில் வந்தால் அது மஞ்சள் போட்டால் ஆறுகிற புண். உணர்ச்சி செத்த காலில் வந்தால் என்ன ஆகும் என்பதை அரசு ஆஸ்பத்திரி அறுவைச் சிகிச்சைப் பகுதியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் காலனிகளில் நாலைந்து வருசமாகப் போய்வருகிறேன். சர்க்கரை, கொதிப்பு உள்ளவர்களுக்கு மாத்திரை போகிறதா என்று பார்ப்பதும், போகாவிட்டால் ஏன் என்று கேட்பதும் வேலை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' உண்மையிலேயே பெரிய காரியம். சுய உதவிக் குழுப் பெண்களே தன்னார்வலர்களாக வீட்டுக்கு வந்து கொதிப்பு பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிப் படியே ஏறாத எத்தனையோ பெண்களுக்குத் தமக்குக் கொதிப்பு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை வீடுவரை வந்துவிட்டது, வயிற்றுக்குள் போகவில்லை. ஏன் என்று ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். அறுபதை நெருங்கும் வயசு, நடவு நடுகிறவர். அவர் சொன்னது:

"அந்த மாத்தரயப் போட்டா ஒண்ணுக்கு ஒண்ணுக்குனு வருது பாப்பா. நடவுல எங்க போயி ஒதுங்கறது? வரப்பு மேல நெலத்துக்காரன் கொடை புடிச்சினு நிக்கறான். ஏற்கனவே சக்கர வந்ததுல இருந்து அடக்க முடியல. அதனால வேல இருக்கற நாளு மாத்தர போடமாட்டன், தண்ணியும் குடிக்கமாட்டன். வேல இல்லாத நாளு போட்டுக்குவன். அப்புறம் இன்னாமோ சாப்ட்டப்பறம் போடணும்னு சொல்றாங்க. காலைல இன்னா சாப்பாடு? ஒரு டீத்தண்ணி. அதுவும் சாப்பாடுதானா?"

மருத்துவக் குறிப்பில் இவருக்கு ஒரு பெயர் இருக்கிறது: மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாத நோயாளி. நம்ம சனங்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று முகாமுக்கு வந்த ஒருவர் என்னிடமே வருத்தப்பட்டார். இந்தப் பெரியம்மாவின் பேச்சில் விழிப்புணர்வுக்கு என்ன குறை? கொதிப்புக்குக் கொடுக்கிற நீர்மாத்திரை என்ன செய்கிறது, சர்க்கரை என்ன செய்கிறது, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லாம் அவருக்குத் தெரிகிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் குனிந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். தெரியாமல் இருப்பது மாத்திரை எழுதுகிறவர்களுக்கு: நடவு வயலில் ஒதுங்க இடமில்லை என்பது.

தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்வது அடுத்த நோயைக் கொண்டுவருகிறது. மத்திய அமெரிக்காவில் நிகரகுவா, எல் சல்வடோர் நாடுகளின் கரும்பு வெட்டுகிறவர்களிடம் சர்க்கரையும் இல்லாமல் கொதிப்பும் இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போவதை இருபது வருடத்துக்கும் மேலாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். அங்கே தண்ணீர், நிழல், ஓய்வு என்று மூன்றைக் கேட்டு இயக்கமே நடந்தது. தமிழ்நாட்டு உப்பளங்களிலும் வயல்களிலும் வேலை செய்கிறவர்களை வைத்து இங்கும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. வெக்கைக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் உள்ள தொடர்பை அவை பேசுகின்றன. உப்பளத்திலும் கரும்புக் கொல்லையிலும் குனிந்து நிற்கிறவன் யார் என்பதை ஆய்வுக் கட்டுரையில் தேடினால் 'தொழிலாளர்' என்றிருக்கும். சாதி இருக்காது. விவசாயக் கூலி என்று எழுதினால் தலித் என்று படித்துக்கொள்ள வேண்டியது நம்ம வேலையாகிவிட்டது.

சாதியைச் சேர்த்து எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. வட, மத்திய, கிழக்கு இந்தியாவின் ஒன்பது மாநிலங்களை எடுத்துக்கொண்டு 2022இல் ஓர் ஆய்வு வந்தது. மேல்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று வருடத்துக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு நாலு வருடத்துக்கு மேல் குறைவு, முஸ்லிம்களுக்குச் சுமார் ஒரு வருடம் குறைவு என்றது அது. ஏழ்மையை மட்டும் காரணமாக வைத்து இந்த இடைவெளி முழுவதையும் விளக்கிவிட முடியவில்லை. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. இல்லாததால் இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. சாதி வாரியாகச் சாவை எண்ணிச் சொல்லச் சொல்லி நாம் கேட்டிருக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுக்கு எண்ணச் சொல்கிறோம், சாவுக்கு எண்ணச் சொல்வதில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறிப் போனது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலம் இல்லாதவனுக்குக் கேழ்வரகும் கம்பும் கூலியாகவாவது வந்துகொண்டிருந்தன. கூலி காசாக மாறியதும் தானியம் வீட்டை விட்டுப் போயிற்று. ரேஷன் அரிசி வந்தது. ரேஷன் அரிசியைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 ஜூனிலிருந்து காசில்லாமலும் அந்த அரிசி வந்ததால்தான் எத்தனையோ வீட்டில் ராத்திரி உலை கொதித்தது, பண்ணையார் வீட்டு வாசலில் போய் நிற்காமல் இருக்க முடிந்தது. பட்டினிதான் சர்க்கரைக்கு ஒரு வேர் என்றால் அந்த அரிசி மருந்து. ஆனால் தட்டு முழுக்கச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் ரசம், ஒரு ஊறுகாய் என்று இருக்கும்போது 'சோத்தக் கொறைங்க' என்றால், குறைத்த இடத்தில் எதை வைப்பது? அந்த இடத்தை நிரப்பப் பருப்பும் முட்டையும் காயும் வேண்டும். அறிவுரை அதுவரைக்கும் வருவதில்லை.

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. கூழ் குடிக்கிற சாதி என்று ஏளனம் கேட்டு, பள்ளிக்கூடத்தில் தூக்குவாளியைத் திறக்கவே கூசிய பிள்ளைகள் நம்ம வீட்டில் இருந்தார்கள். அந்தக் கூழ் இப்போது நகரத்து இயற்கை அங்காடியில் பாரம்பரிய உணவு. பாரம்பரியம் என்கிறார்கள், யாருடைய பாரம்பரியம் என்று எழுதுவதில்லை. விலையைப் பார்த்தால் நம்ம ஆள் வாங்க முடியாது.

மாட்டுக்கறியைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஏழைக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கிற புரதம் அது. 'கறியை விடுங்கள், பனீரும் பாதாமும் சாப்பிடுங்கள்' என்கிற உணவு அட்டவணை வைத்தியத்தின் பேரில் நடக்கிற பார்ப்பனியம். அதே சமயம் நம்ம சாப்பாடு என்பதாலேயே எல்லாம் மருந்தாகிவிடாது. உப்புக்கண்டம் எவ்வளவு ருசி என்று எனக்குத் தெரியும், கொதிப்பு உள்ளவருக்கு அதில் இருக்கிற உப்பு கேடு. ஒரு நாள் பங்குக்கறி கிடைத்து மறுநாள் கிடைக்காது என்கிற வாழ்க்கையில் கறியைக் காத்துவைக்க வேறு வழியில்லாமல் உண்டான பண்டம் அது. இல்லாமை எப்படி ருசியாக மாறுகிறது என்பதை மராத்தியில் சாகு பாட்டோளே ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 2015இல் வந்த அந்த நூலின் தலைப்பே, அன்னம் முழுமையான பிரம்மம் என்கிற மேல்சாதி வாக்கைக் கேலிசெய்து, அன்னம் குறைபட்ட பிரம்மம் என்று சொல்வது. சேரிச் சமையலில் என்ன இருந்தது என்பதோடு என்ன இல்லை என்பதையும் அதில் எழுதியிருக்கிறார். தமிழில் அப்படி ஒரு நூல் வந்தால் எந்த உணவு அட்டவணையையும்விட அது நமக்கு உதவும். (சாராயத்தைப் பற்றி ஒரு வரி: கடையை 2003இலிருந்து நடத்துவது அரசாங்கம், குடிகாரச் சாதி என்ற பட்டம் நமக்கு.)

இனி நம் எழுத்து. கீழ்வெண்மணி என்றால் 1968 டிசம்பர் 25, நாற்பத்து நாலு பேர். வாச்சாத்தி 1992, மேலவளவு 1997. நமக்கு நாள் தெரியும், இடம் தெரியும், செய்தவன் பெயர் தெரியும். தலித் எழுத்தும் இதழ்களும் வன்முறையை இப்படி நாளும் இடமும் வைத்துப் பதிவு செய்யப் பழகியவை. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் நாற்பத்தெட்டு வயசில் பக்கவாதம் வந்து திண்ணையில் கிடந்து மூணு வருசத்தில் செத்தவனுக்கு எந்த நாளை வைப்பது? யார் மேல் வழக்குப் போடுவது? சம்பவம் இல்லாததால் அது நம் எழுத்துக்கு விஷயமாகவில்லை. தன்வரலாறுகளில் நோய் ஒரு வாக்கியமாக வந்து போகிறது: அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அம்மா வேலைக்குப் போனாள். அடுத்த பத்தியில் படிப்பு தொடங்கிவிடும். இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் கதாநாயகியின் பெயரே ஆரோக்கியம். அதைத் தவிர ஆரோக்கியம் நம் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது என்று வேடிக்கையாகக் கேட்கத் தோன்றுகிறது.

விதிவிலக்கு உண்டு. பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. பெண்ணிய நூலாக, வட்டார வழக்கு நூலாக அதை எவ்வளவோ படித்தாயிற்று. அதில் பேய் பிடிக்கிற பகுதியை நான் ஒரு மருத்துவ நூலாகப் படிக்கச் சொல்வேன். பேய் ஏன் மேல்சாதிப் பெண்களை விட்டுவிட்டு நம்ம பெண்களையே பிடிக்கிறது என்று கேட்டு, ஓயாத வேலை, வீட்டில் அடி உதை, மனசைத் திறந்து பேச வழியில்லாமை என்று காரணத்தை உழைப்புக்குள்ளும் வீட்டுக்குள்ளும் தேடுகிறார். நோயைக் கண்டு, அதன் காரணத்தைச் சாதியிலும் கூலியிலும் ஆணதிகாரத்திலும் வைத்துக் காட்டுகிற முறை அங்கே இருக்கிறது. முப்பது வருடமாகியும் அதை யாரும் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் நீட்டிப் பார்க்கவில்லை.

அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கடுமையான சர்க்கரை. நரம்புக் கோளாறால் கால் வலித்துத் தூக்கமில்லாத இரவுகளோடு அரசியல் சட்ட வேலை நடந்தது. 1948இல் அவர் மணந்துகொண்ட சவிதா ஒரு மருத்துவர். சவிதா 1990இல் மராத்தியில் எழுதிய நினைவுநூலில் அந்த உடம்பு, அதன் உணவு, அதன் வலி எல்லாம் இருக்கின்றன. அது ஆங்கிலத்தில் வர 2022 ஆயிற்று. நம்ம தெருமுனைச் சிலையில் கோட்டும் நீட்டிய விரலும் இருக்கின்றன. சர்க்கரையோடு ஐம்பதுகளில் நடமாடிய அந்த உடம்பைப் பற்றி ஏப்ரல் 14 கூட்டத்தில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? பேசியிருந்தால் எத்தனை பேர், பாபாசாகேபுக்கே இருந்ததா, அப்ப நாமும் பார்த்துக்கொள்வோம் என்று கையை நீட்டியிருப்பார்கள்! அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர் என்பதையும் அவருடைய பௌத்தத்துக்குப் போகும் அவசரத்தில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துத் தலித் சிறுத்தைகள் என்று வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து அந்தப் பெயர் மதுரைக்கும் வந்தது. கறுஞ்சிறுத்தைகள் என்றால் நமக்குத் துப்பாக்கியும் கறுப்பு உடுப்பும்தான் தெரியும். அவர்கள் ஊர் ஊராக இலவச மருத்துவமனை நடத்தியதும், கறுப்பர்களைப் பீடிக்கிற அரிவாளணு ரத்தசோகையை அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை என்று 1971இல் தாங்களே தெருத்தெருவாக ரத்தம் எடுத்துப் பரிசோதிக்க இறங்கியதும், 1972இல் தங்கள் பத்து அம்சத் திட்டத்தைத் திருத்தி இலவச மருத்துவத்தைக் கோரிக்கையாக்கியதும் நமக்கு வந்து சேரவில்லை. அலாண்ட்ரா நெல்சன் 2011இல் இதை ஒரு முழு நூலாக எழுதியிருக்கிறார். பெயர் கடல் தாண்டி வந்தது, ரத்தப் பரிசோதனை வரவில்லை. தசால் பல வருடம் தசைநலிவு நோயோடு இருந்து, கடைசியில் புற்றுநோய் வந்து 2014 ஜனவரியில் இறந்தார்.

இங்கே நோயை அரசியலாக்கிக் காட்டியவர்கள் எழுத்தாளர்கள் அல்ல. 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள். நள்ளிரவில் அவர்களைக் கைதுசெய்து அப்புறப்படுத்திய மறுநாள் அரசாங்கம் அறிவித்த சலுகைகளில் ஒன்று, நுரையீரல், தோல் முதலான தொழில்சார் நோய்களுக்குத் தனிச் சிகிச்சைத் திட்டம். இன்னொன்று காலை உணவு. அவர்கள் கேட்ட பணி நிரந்தரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அந்த அறிவிப்பின் மொழியைக் கவனியுங்கள். 'தொழில்சார்' என்று அரசாங்கமே எழுதியிருக்கிறது. நோய் அவர்களுடைய பழக்கவழக்கத்திலிருந்து வரவில்லை, அள்ளுகிற குப்பையிலிருந்து வருகிறது என்று ஒத்துக்கொண்ட சொல் அது. நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் அந்தச் சொல்லை நீட்ட வேண்டும்.

நான் போய்வருகிற காலனி ஒன்றில் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு மனு எழுதினோம். கொதிப்பு, சர்க்கரை பார்க்கிற நேரத்தை வாரத்தில் ஒரு நாளாவது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வையுங்கள், பகலில் வந்தால் ஒருநாள் கூலி போகிறது. நீர்மாத்திரைக்குப் பதிலாக வேறு மாத்திரை யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்ல வேண்டும். உணர்ச்சி போன காலுக்கு உரிய செருப்பு வேண்டும், சேற்றில் இறங்குகிறவர்களின் பாதத்தை நடவு முடிகிற வாரம் காலனிக்கே வந்து பார்க்க வேண்டும். நோய்க்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டபோது அந்தப் பெரியம்மாதான் 'கூலிவேல நோவுன்னு எழுது பாப்பா' என்றார். அப்படியே எழுதினோம். மனுவை வாங்கியவர் படித்துவிட்டு, இந்தப் பெயரில் பதிவேடு எதுவும் இல்லை, தொற்றா நோய் என்று திருத்திக் கொண்டுவாருங்கள் என்றார். அடைப்புக்குறிக்குள் அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம், எங்கள் பெயரை அடிக்கவில்லை. பதில் இன்னும் வரவில்லை. நடவு தொடங்குவதற்குள் இன்னொரு தரம் போகிறோம்.